வேதாகமத்தில் ‘வல்லமை’: ஒரு சொல்லைத் தேடிப் போகும் முழுமையான வழிகாட்டி

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த மறுநாள், பக்கத்து வளவு அண்ணர் வேலிக்கு மேலால் பிரசாதத்தை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வியையும் நீட்டினார். “தம்பி, அங்கே கடல்நீரில் விளக்கு எரிகிறது. சனம் அதைக் கண்ணால் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறது. அம்மனின் சக்தி அதில் தெரிகிறது. நீங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லமை, வல்லமை என்று பாடுகிறீர்கள். உங்களுடையது எதில் தெரியும்?”

நான் நாலைந்து வசனங்களை அடுக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். சொன்ன எனக்கே அது பதிலாகப் படவில்லை. ஊரில் வேத வாசிப்புக் கூட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்துகிறவன் நான். அந்தச் சொல்லை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர், கிழமைக்கு ஒரு மாலை வீதம், அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே போனோம். போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு வேதாகமம், ஒரு அப்பியாசக் கொப்பி, ஒரு பேனை. முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகள். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நான் கத்தோலிக்கன், மனைவி மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. 1995இல் வந்த திருவிவிலியமும் 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பும் ஒரே தட்டில் அருகருகே இருக்கின்றன.

முதற்படி: சொற்களைப் பொறுக்கி எடுங்கள்

கருத்தில் தொடங்காதீர்கள், சொல்லில் தொடங்குங்கள். பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டினால் பலம், பெலன், வல்லமை, சத்துவம், பராக்கிரமம், அதிகாரம் என்று பல சொற்கள் வரும். இவை மூலமொழியில் ஒரே சொல்லின் வேறு வேறு உடைகளாக இருக்கலாம். இரண்டு வெவ்வேறு சொற்கள் தமிழில் ஒரே உடையோடு வரவும் கூடும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒன்று டுனாமிஸ்: செய்யக்கூடிய திறன், ஆற்றல். மற்றது எக்சூசியா: செய்வதற்கான உரிமை, அதிகாரம். இரண்டும் நூறு தடவைக்கு மேல் வருகின்றன. பரிசுத்த ஆவி வரும்போது ‘பெலனடைந்து’ சாட்சிகளாயிருப்பீர்கள் என்னும் அப்போஸ்தலர் 1:8இல் இருப்பது டுனாமிஸ். வானத்திலும் பூமியிலும் ‘சகல அதிகாரமும்’ எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்னும் மத்தேயு 28:18இல் இருப்பது எக்சூசியா. சுவிசேஷங்களில் ‘அற்புதம்’, ‘பலத்த செய்கைகள்’ என்று வரும் பல இடங்களில் மூலத்தில் இருப்பதும் டுனாமிஸின் பன்மைதான். எபேசியர் 1:19இல், சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் வல்லமைக்கான நான்கு கிரேக்கச் சொற்களை ஒரே வசனத்துக்குள் திணித்திருக்கிறார். அவருக்கே சொல் போதவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டுனாமிஸ் என்பதிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே ஆவியின் வல்லமை என்பது வெடிமருந்து என்று மேடைகளில் முழங்குகிறார்கள். டைனமைட்டுக்கு அந்தப் பெயரை அல்பிரட் நோபல் வைத்தது 1867இல். பவுல் எழுதி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரனின் குணத்தை வைத்துப் பாட்டனை அளக்க முடியாது. அதைவிட, வெடிப்பது எதுவென்று, போர் நடந்த வன்னியில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெடித்த எதிலிருந்தும் நாங்கள் ஆவியானவரைத் தேடவில்லை.

இயேசு கற்பித்த பரமண்டல செபத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே’ என்று மனைவி முடிப்பாள். நான் அதற்கு முன்பே ஆமென் சொல்லிவிடுவேன். மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை; ஆதித் திருச்சபையின் வழிபாட்டிலிருந்து அது வந்து சேர்ந்தது. எங்கள் திருப்பலியிலும் சற்றுத் தள்ளி அது வரத்தான் செய்கிறது. இரு பக்கத்தாரும் சொல்லும் அந்த வரியில் ‘உம்முடையவைகளே’ என்ற சொல்லைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு உதவும்.

இரண்டாம் படி: தண்ணீரையும் திறப்பையும் பிரித்துப் பாருங்கள்

ஆற்றலுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் கூட்டத்தில் நான் கிரேக்கத்தால் விளக்கப் பார்த்தேன். யாருக்கும் ஏறவில்லை. ஒரு கமக்காரர்தான் காப்பாற்றினார். “குளத்துத் தண்ணீர் ஒன்று, துருசுத் திறப்பு இன்னொன்று. அவ்வளவுதானே?” என்றார்.

அவ்வளவுதான். துருசு என்பது குளத்து மதகு, திறப்பு அதன் சாவி. மாரி முடிந்து குளம் முட்டி நிற்கும்போது கட்டின்மேல் நின்று பாருங்கள். அந்தத் தண்ணீர் எத்தனை ஏக்கரை விளைவிக்கும், கட்டு உடைந்தால் எத்தனை வீட்டைக் கொண்டுபோகும் என்று எண்ணினால் வயிறு கலங்கும். அது டுனாமிஸ். துருசைத் திறக்கும் சக்கரத்துக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. கூட்டம் கூடித் தீர்மானித்த நாளில், ஒப்படைக்கப்பட்டவர் வந்து அந்தப் பூட்டைத் திறக்கிறார். மெலிந்த மனிதர், காலில் செருப்புகூட இல்லை. அவர் கையிலிருக்கும் திறப்பு எக்சூசியா. தண்ணீர் அவருடையதல்ல, குளமும் அவருடையதல்ல. தன் வயலுக்கு மட்டும் இரவில் திறந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் திறப்பு பறிபோகும். அவர் சரியாக வேலை செய்தாரா என்று அறிய வேண்டுமானால் துருசடியில் நிற்கக் கூடாது. வாய்க்கால் வழியே நடந்துபோய், கடைசி வயலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு லூக்கா 9:1ஐ வாசியுங்கள். பன்னிரு சீடருக்கும் இயேசு ‘வல்லமையும் அதிகாரமும்’ கொடுக்கிறார், இரண்டும் சேர்த்து. எதற்கு? பிசாசுகளைத் துரத்தவும் வியாதியுள்ளவர்களைக் குணமாக்கவும். அடுத்த மூச்சிலேயே தடி, பை, அப்பம், பணம் எதுவும் எடுக்க வேண்டாம் என்கிறார். வல்லமை கொடுத்த கையாலேயே மடியைக் காலியாக்குகிறார்.

யோவான் 19:11இல், உன்னைச் சிலுவையில் அறைய எனக்கு அதிகாரம் உண்டென்று தெரியாதா என்று கேட்ட பிலாத்துவுக்கு, மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு ஒரு அதிகாரமும் இராது என்று பதில் கிடைக்கிறது. ரோமாபுரியின் ஆளுநர்கூடத் திறப்பு வைத்திருக்கும் ஆள்தான். யோவான் 1:12ஐயும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேவனுடைய பிள்ளைகளாகும்படி கொடுக்கப்படுவதும் அதே எக்சூசியா. இதை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர், “அப்படியென்றால் பிள்ளையாக இருப்பதற்கான உரிமைதான் முதல் அதிகாரமா?” என்று கேட்டார். ஆம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இயேசு அனுப்பிய எழுபது பேர் திரும்பி வந்து பிசாசுகள் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று துள்ளியபோதும், அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றுதான் அவர் சொன்னார் (லூக்கா 10:20).

மூன்றாம் படி: பழைய ஏற்பாட்டில் காற்றைக் கவனியுங்கள்

எபிரேயத்தில் ரூவாஹ் என்ற சொல் காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் குறிக்கும். தமிழனுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பானையிலிருந்து எழுவதும் ஆவி, உயிர் போனால் பிரிவதும் ஆவி. ஆதியாகமம் 1:2இல் தண்ணீரின்மேல் அசைவாடுவதும், யாத்திராகமம் 14இல் இராமுழுவதும் வீசிக் கடலை விலக்கும் கீழ்க்காற்றும் மூலத்தில் ஒரே சொல்.

அறுவடை இயந்திரம் வருமுன் எங்கள் அப்பு நெல் தூற்றியதைப் பார்த்திருக்கிறேன். சுளகை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காற்றுக்காகக் காத்து நிற்பார். காற்று வராவிட்டால் சுளகை இறக்கிவிட்டு ஒரு சுருட்டு. காற்றை யாரும் கூப்பிட்டு வரவழைக்க முடியாது, வந்தால் ஆயத்தமாக நிற்கலாம். காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்று யோவான் 3:8இல் இயேசு நிக்கொதேமுவுக்குச் சொல்வது இதைத்தான்.

எசேக்கியேல் 37ஐ இந்த மண்ணில் வாசிக்கும்போது மெதுவாக வாசியுங்கள். எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்த செய்தியைக் கேட்டவர்கள் நாங்கள். கூட்டத்தில் ஒரு அக்கா அந்த அதிகாரத்தைத் தான் வாசிக்க மாட்டேன், மற்றவர்கள் வாசித்தால் இருந்து கேட்கிறேன் என்றார். அப்படியே விட்டோம். அந்தத் தரிசனத்தில் எலும்போடு எலும்பு சேர்ந்து, நரம்பும் மாமிசமும் உண்டாகி, தோலும் மூடுகிறது. ஆனாலும் ‘அவைகளில் ஆவி இல்லாதிருந்தது’. உருவம் முழுமையாக இருந்தும் மூச்சு வரவில்லை. பிறகுதான் நான்கு திசைகளின் காற்றிலிருந்தும் வரும்படி ஆவி அழைக்கப்படுகிறது. திசைக்கும் ஆவிக்கும் அங்கேயும் அதே ரூவாஹ். இதைப் போரில் இறந்தவர்கள் எழுவார்கள் என்ற அவசர ஆறுதலாகத் திரிக்க வேண்டாம். நாட்டை இழந்து, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று சொன்ன ஒரு சனத்தைப் பற்றியது என்று 11ஆம் வசனமே சொல்கிறது.

அடுத்து நான் அதிகம் நேரம் செலவிட்ட சொல்: ஹாயில். படை, பலம், திறமை, வீரம் என்று பொருள். ‘பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்’ என்னும் சகரியா 4:6இல் வரும் ‘பலம்’ இதுதான். நியாயாதிபதிகள் 6:12இல் தூதன் கிதியோனைப் ‘பராக்கிரமசாலியே’ என்று அழைப்பதும் இதே சொல்லால். அந்த நேரத்தில் பராக்கிரமசாலி என்ன செய்துகொண்டிருந்தான்? விளைச்சலைக் கொள்ளையிட வந்த மீதியானியர் கண்ணில் படாமலிருக்க ஆலைக்கு அருகே ஒளித்துக் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தான். நெல்லை ஒளித்த அனுபவம் உள்ள ஊரில் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். பிறகு அவனுடைய 32,000 பேர் 300 பேராகக் குறைக்கப்படும்போது சிரிப்பு நின்றுவிடும்.

இதே ஹாயில் ரூத் 3:11இலும் நீதிமொழிகள் 31:10இலும் ஒரு பெண்ணைக் குறித்து வருகிறது. பழைய தமிழில் அது ‘குணசாலி’ ஆகிவிட்டது. ஆணுக்கு வந்தால் பராக்கிரமசாலி, பெண்ணுக்கு வந்தால் குணசாலி! மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, பல மொழிகளிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் ரூத் யார்? புருஷனை இழந்தவள், வேற்று நாட்டவள், மாமியாரைக் காப்பாற்ற வயலில் சிந்திய கதிர் பொறுக்கினவள். 2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்து குடும்பத்தைத் தலைமை தாங்கி எழுப்பிய பெண்கள் இருக்கும் ஊரில், அந்த இடத்தில் கொப்பியில் ‘குணசாலி’யை வெட்டிவிட்டு ‘பராக்கிரமசாலி’ என்று எழுதச் சொன்னேன். அது வரைக்கும் வாயே திறக்காத ஒருவர் அன்றைக்குத்தான் தானாக ஒரு வசனத்தை வாசித்தார்.

நான்காம் படி: மூன்று கேள்விகள்

இதுவரை சொற்கள். இனிக் கதைகள். கொப்பியின் பக்கத்தை மூன்றாகக் கோடிட்டுப் பிரியுங்கள். வல்லமை எங்கிருந்து வந்தது? யாரிடம் போய்ச் சேர்ந்தது? சுமந்தவருக்கு என்ன செலவு? வல்லமை பேசப்படும் ஒவ்வொரு கதையையும் இந்த மூன்று பத்தியிலும் நிரப்புங்கள்.

மாற்கு 5:21-43ஐ முதலில் எடுங்கள். ஒரே இருப்பில் வேறெதையும் எடுக்க வேண்டாம். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், வயது 12. அவன் இயேசுவை அழைத்துக்கொண்டு போகிறான், கூட்டம் நெருக்குகிறது. அந்த நெருக்கத்துக்குள் 12 வருடம் உதிரப்போக்குள்ள ஒரு பெண். லேவியராகமம் 15இன்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. வைத்தியர்களிடம் பட்டது போதாதென்று கையில் இருந்ததும் கரைந்துவிட்டது. முன்னால் வந்து கேட்க அவளுக்கு முகம் இல்லை. பின்னால் வந்து ஆடையைத் தொடுகிறாள். ‘தம்மிலிருந்து வல்லமை புறப்பட்டதை’ அவர் அறிந்து திரும்புகிறார்.

அந்த வினைச்சொல்லில் நில்லுங்கள். வல்லமை ‘புறப்பட்டது’. அவர் யாரையும் மேடைக்கு அழைக்கவில்லை, கையை உயர்த்தவில்லை, அவள் பெயரும் தெரியாது. கேளாமல் எடுத்துக்கொண்டவளைத் திருடியாகவும் நடத்தவில்லை. நின்று, தேடி, எல்லாருக்கும் முன்பாக ‘மகளே’ என்கிறார். நோய் அதற்கு முன்பே போய்விட்டது. பிறகு ஏன் நின்றார்? 12 வருடம் ஒதுக்கப்பட்டவளுக்கு உறவு திரும்பக் கிடைக்க வேண்டும் அல்லவா! அவ்வளவு நேரமும் யவீரு நின்றுகொண்டிருக்கிறான். செல்வாக்குள்ளவனின் அவசரம் தீட்டுக்காரிக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கதையில் அவள்தான் வாய்க்காலின் கடைசி வயல்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். அப்போஸ்தலர் 3இல் முடவன் நடந்ததும் கூட்டம் பேதுருவை உற்றுப் பார்க்கிறது. எங்கள் ‘சுயசக்தியினாலாவது, சுயபக்தியினாலாவது’ இவனை நடக்கப்பண்ணினோம் என்று எங்களை நோக்கிப் பார்ப்பதென்ன என்று பேதுரு கையை விரிக்கிறார். எட்டாம் அதிகாரத்தில் இதற்கு நேரெதிர். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோனைத் ‘தேவனுடைய பெரிதான சக்தி’ என்று சனம் சொல்கிறது, அவனும் மறுக்கவில்லை. அப்போஸ்தலர் கைவைக்க ஆவி அருளப்படுவதைக் கண்டு பணத்தை நீட்டுகிறான். அவன் கேட்டது எது என்று பாருங்கள். ‘இந்த அதிகாரத்தை எனக்கும் கொடுக்கவேண்டும்.’ அதாவது எக்சூசியா. தண்ணீர் அல்ல, திறப்பு வேண்டும் அவனுக்கு. திருச்சபைப் பதவியைப் பணத்துக்கு விற்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் இன்றைக்கும் அவனுடைய பெயர்தான்.

2 இராஜாக்கள் 5இல், குஷ்டம் நீங்கிய படைத்தலைவன் நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா ஒரு வெள்ளிக்காசும் வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுடையும் வாங்கினான், கூடவே குஷ்டமும் வந்தது. சிம்சோனின் கதையில் என்னைக் கலங்க வைப்பது மயிர் வெட்டிய இடமல்ல. கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் ‘அறியாமல்’ எழுந்து உதறப் பார்த்தான் என்ற வரி (நியாயாதிபதிகள் 16:20). குளம் வற்றிய பிறகும் திறப்பைச் சுழற்றிக்கொண்டிருக்கலாம் போலும்.

1 சாமுவேல் 4ஐ எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது பேச்சு மன்னாரின் மடு மாதா திருத்தலத்துக்குப் போய்விட்டது. தோற்றுக்கொண்டிருந்த இஸ்ரவேலர், கடவுள் தங்களோடிருப்பதன் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்தார்கள், பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். பெட்டி பிடிபட்டது, 30,000 பேர் விழுந்தார்கள். 2008 ஏப்ரலில் மருதமடு அன்னையின் திருச்சொரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது, ஓகஸ்டில் திரும்பி வந்தது. தன்னையே காக்க முடியாத மாதா உங்களை எப்படிக் காப்பார் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எங்கள் கூட்டத்து முதியவர் ஒருவர் சொன்ன பதிலை எழுதி வைத்திருக்கிறேன்: “அவர்கள் பெட்டியை யுத்தத்துக்குள் சுமந்தார்கள். நாங்கள் மாதாவை யுத்தத்திலிருந்து சுமந்தோம். சனம் எப்படி ஓடியதோ அப்படியே அவரும் எங்களோடு ஓடினார்.” புரட்டஸ்தாந்துக்காரியான என் மனைவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பது அபூர்வம்.

ஐந்தாம் படி: பலவீனம் வரும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

வல்லமையைத் தேடுகிறவர்கள் வழுக்கிப் போகும் பக்கங்கள் இவை. பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’ என்ற பதில் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:9). 1 கொரிந்தியர் 1இல் தேவபெலன் என்று அவர் சொல்வது சிலுவையைப் பற்றிய உபதேசத்தை. ரோமர்கள் மனிதனைச் சக்தியற்றவனாக்கி ஊர் பார்க்கத் தொங்கவிட்ட மரம் அது.

பிலிப்பியர் 4:13ஐ முச்சக்கர வண்டிகளின் பின்கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. கொப்பியில் அதை எழுதும்போது 12ஆம் வசனத்தையும் சேர்த்து எழுதுங்கள். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. ‘எல்லாவற்றையும்’ என்பதற்குள் பட்டினியும் அடங்கும். பரீட்சையில் சித்தியடைய அந்த வசனத்தைச் சொல்லும் பிள்ளையைத் தடுக்க மாட்டேன். முன்வசனத்தையும் சொல்லிக்கொடுப்பேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் புதிதாக இருந்தது கொலோசெயர் 1:11. தேவனுடைய மகிமையான வல்லமையின்படி எல்லா வல்லமையாலும் பலப்பட வேண்டும் என்று வசனம் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்து மலையைப் பெயர்க்கப் போகிறார் என்று பார்த்தால், அவ்வளவு வல்லமையும் எதற்கென்றால் பொறுமைக்கும் நீடிய சாந்தத்துக்குமாம்! முதல் வாசிப்பில் எனக்கு ஏமாற்றம். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு ஏமாற்றம் இல்லை. அவர் தன் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக இருக்கத் தொடங்கினார்கள். கந்தனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள். “வெயிலில் போய் இருப்பதற்கு உடம்பில் பலம் வேண்டும் தம்பி. அது சோற்றில் மட்டும் வருவதில்லை” என்றார். லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போன விதவையை அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவளிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. மறுபடியும் வருவது மட்டுமே அவளுக்குத் தெரிந்தது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 12இல் ஆவியின் வரங்கள், 13இல் அன்பு, 14இல் மறுபடியும் வரங்கள். நடுவே அன்பு வந்தது தற்செயலாக அல்ல. மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசம் இருந்தாலும் அன்பில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பது கலியாண வீட்டுக்காக எழுதிய வரியும் அல்ல, வல்லமையைக் காட்டிச் சண்டையிட்ட ஒரு சபைக்கு எழுதியது.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

‘ஆவியை அவித்துப்போடாதிருங்கள்’ என்று சொன்ன பவுலே இரண்டு வரி தள்ளி, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:19-21). சோதிப்பது அவிசுவாசம் அல்ல. உபாகமம் 13இல் அடையாளமும் அற்புதமும் சொன்னபடி நடந்தாலும் ஏமாறாதே என்றிருக்கிறது. மத்தேயு 7இல் உமது நாமத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று வருகிறவர்களிடம், நீங்கள் அவற்றைச் செய்யவில்லை என்று இயேசு சொல்லவில்லை. உங்களை அறியேன் என்கிறார். ஆகவே அற்புதம் உண்மையா என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசி வயல் வரைக்கும் நடந்து போங்கள்.

வன்னியில் இதைப் பேசினால் பாம்பு வராமல் போகாது. மடு மண்ணைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருப்பது பாம்புக்கடிக்குக் காவல் என்ற நம்பிக்கை பழையது, எங்கள் வீட்டிலும் ஒரு சிறு பொட்டலம் உண்டு. சர்ப்பங்களை மிதிக்க அதிகாரம் கொடுக்கிறேன் என்று லூக்கா 10:19இலும், சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று மாற்கு 16:18இலும் வருகிறது. மாற்குவின் அந்தக் கடைசிப் பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் அந்த வசனத்தை நம்பி வழிபாட்டில் பாம்பைக் கையில் எடுக்கும் பழக்கத்தைப் பரப்பிய ஜோர்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். அப்போஸ்தலர் 28இல் மெலித்தா தீவில் விறகோடு வந்த விரியன் பவுலைக் கவ்வியது. அவர் அதைத் தேடி எடுக்கவில்லை. மழைக் குளிரில் நின்றவர்களுக்காக மூட்டிய நெருப்பில் போட விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். கடித்ததும் கொலைகாரன் என்றார்கள், சாகாததும் தேவன் என்றார்கள். இரண்டும் தப்பு. பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். கடித்தால் காலை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், செபத்தை வாகனத்தில் சொல்லலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சின்னம்மா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், குளிசை போடுவது அவிசுவாசம் என்று மேடையில் சொன்னார்கள். சின்னம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மூன்று கிழமை குளிசையை நிறுத்திவிட்டார். காலில் சிறு காயம், பிறகு பெரிய காயம், பிறகு வாட்டில் பல நாட்கள். விரல் ஒன்று போய்விட்டது. அந்தக் கூட்டத்தார் வந்து பார்த்தார்கள், உங்கள் விசுவாசம் குறைவு என்றார்கள். சின்னம்மா அழுதது விரலுக்காக அல்ல, அந்த ஒரு சொல்லுக்காக.

அவரைத் திரும்ப வாசிப்புக்கு அழைத்து வர மாதங்கள் ஆயின. வந்த முதல் நாள் மூன்று வசனங்களைக் காட்டினேன். இயேசுவே தம் சொந்த ஊரில் சில நோயாளிகளைத் தவிர வேறு அற்புதம் செய்யக் கூடாமற்போயிற்று என்னும் மாற்கு 6:5. வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தன் உடன்வேலையாள் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய 1 தீமோத்தேயு 5:23. மூன்றாவது 2 தீமோத்தேயு 4:20. ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.’ பவுலின் உடம்பில் பட்ட துணியைக் கொண்டுபோய் வைத்தால் நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுலின் கூட்டாளி காய்ச்சலோ என்னவோ வந்து ஒரு துறைமுகத்தில் படுத்திருக்கிறான். அவனுக்கு விசுவாசம் குறைவென்று பவுல் எழுதவில்லை.

சின்னம்மா மூன்றாவது வசனத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். “அந்தப் பிள்ளை பிறகு எழும்பினதா?” என்று கேட்டார். வேதாகமம் சொல்லவில்லை என்றேன். இப்போது அவருடைய வேதாகமத்தில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக, முடிந்துபோன குளிசை அட்டை ஒன்று செருகியிருக்கிறது. அட்டை கிழிந்தால் அடுத்த மாதத்து அட்டையை மாற்றி வைக்கிறார்.